செய்நிரலாக்க அடிப்படைகளும் மாணவர் குழு முன்வைப்பும்: தெல்லிப்பழையை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

புதிய அறிவுத்துறையொன்று ஒரு சமூகத்தினுட் புகும்போது அதனை யார், எம்மொழியில், எத்தகைய உறவுகளினூடாகப் பெறுகின்றனர் என்னும் வினா, அவ்வறிவின் உள்ளடக்கத்தைப் போலவே முக்கியமானதாகும். இலங்கைப் பாடசாலைகளிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது; செய்நிரலாக்கத்தின் அடிப்படைகள் அதன் ஓர் அலகாகும். 2007 இல் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டச் சீர்திருத்தம், மாணவர் குழுக்களாகப் பிரிந்து தேடியறிந்து, தாம் கண்டதை வகுப்பின் முன் விளக்குவதைக் கற்பித்தலின் ஒரு படியாக வகுத்தது. இக்குழு முன்வைப்பின் தன்மையினைத் தெல்லிப்பழைச் சூழலில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெல்லிப்பழையை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1816 இல் அமெரிக்க மிஷனரியான டானியல் பூவர் இங்கு பள்ளிக்கூடம் தொடங்கினார்; யூனியன் கல்லூரி அதன் வழிவந்ததாகும். 1910 இல் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவினார். 1990 இல் யுத்தம் காரணமாக இப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். இவ்வாறு நீண்ட கல்வி மரபும் பெரும் இழப்பும் ஒருங்கே கொண்ட இம்மண்ணில், மேனாட்டறிவு இரு வழிகளில் வந்ததை அவதானிக்கலாம். ஆங்கிலத்தினூடாக வந்த அறிவு பெரும்பாலும் உத்தியோகத்திற்கான படிக்கட்டாயிற்று. மாறாக, மானிப்பாயிற் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். இவ்விரு வழிகளுள் எது என்னும் வினா கணினிக் கல்வியிலும் எழவே செய்கின்றது.

செய்நிரலாக்கத்தின் அடிப்படைகள் எண்ணிக்கையிற் சிலவே. எந்தச் செய்நிரலையும் வரிசைமுறை, தெரிவு, மீளச்செய்தல் ஆகிய மூன்று கட்டுப்பாட்டு அமைப்புகளாற் கட்டியெழுப்பலாம் என்பதை 1966 இல் பேம், யாக்கோபினி என்னும் இத்தாலிய அறிஞர் இருவர் நிறுவினர். இவற்றுடன் மதிப்பைத் தாங்கும் ‘மாறி’ என்னும் கருத்தும் சேரும்போது அத்திவாரம் நிறைவுபெறுகின்றது. இவற்றை விளக்க வட்டிக் கணக்கும் பரீட்சைப் புள்ளிகளுமே வேண்டுமென்பதில்லை. வலிகாமத்துப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கமொன்றிற் கள் அளக்கப்படுவதை எடுத்துக்கொள்வோம். எழுதுவினைஞர் மொத்தத்தைப் பூச்சியமாக வைத்துத் தொடங்குகிறார். ஒவ்வொரு தொழிலாளியும் கொண்டுவந்ததை அளந்து மொத்தத்துடன் கூட்டுகிறார். 6, 8, 5 லீற்றர் வரின் மொத்தம் 6, 14, 19 என மாறிச் செல்லும். மொத்தமே இங்கு மாறியாகும். படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருதல் வரிசைமுறை; ஒவ்வொருவருக்கும் அளந்து கூட்டுதல் மீளச்செய்தல்; தரம் குறைந்ததை ஒதுக்குதல் தெரிவு. ‘மொத்தம் = மொத்தம் + அளவு’ என்னும் கூற்றைக் கணிதச் சமன்பாடாகக் கொண்டு திகைக்கும் மாணவன், அது சமத்துவத்தைக் கூறுவதன்று, பழைய மதிப்பை நீக்கிப் புதிய மதிப்பை இடுமாறு பணிப்பது என்பதை இவ்வுதாரணத்தினால் எளிதில் உணர்வான். சீவல் தொழிலாளியின் பிள்ளை இங்கு கேட்போனாக மட்டுமன்றி விளக்குவோனாகவும் நிற்க இயலும் என்பது குறிப்பிடத்தக்கது.

மொழி பற்றியும் ஒன்று கூறவேண்டும. பஸ்கால், பைதன் முதலிய செய்நிரல் மொழிகளில் நிபந்தனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கூற்றின் தொடக்கத்தில் நிற்கும். தமிழிலோ ‘மழை பெய்தால்’, ‘தரம் குறைந்ததாயின்’ என அது வினையின் இறுதியிலே அமையும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னுஞ் சொல் பின்னுமாக வருவது இவ்வியல்பை ஒட்டியதாகும். மாணவர் யாவரும் எழிலிலே எழுதவேண்டும் என்பது நமது வாதமன்று. தமிழிற் சிந்தித்த நிபந்தனையை வேற்று ஒழுங்கிற்கு மாற்றுதல் ஒரு தனி உழைப்பு என்பதையும், அவ்வுழைப்பு வகுப்பிலே வெளிப்படையாக நிகழவேண்டும் என்பதையுமே வலியுறுத்துகின்றோம்.

இனி, குழுவின் உள்ளமைப்பினை நோக்குவோம். குழு என்ற பெயரே கூட்டுழைப்பிற்கு உத்தரவாதமாகாது. வீட்டிற் கணினி உள்ளவன் செய்நிரலை எழுதுகிறான். ஆங்கிலம் பரிச்சயமானவள் கலைச்சொற்களைக் கூறுகிறாள். எஞ்சியோர் படத்தாளைப் பிடித்து நிற்கின்றனர். புள்ளி மட்டும் சமமாகப் பகிரப்படுகின்றது. மூளை உழைப்பும் கை உழைப்பும் பிரிந்த சமூகப் பிரிவினையே இவ்வாறு வகுப்பறையில் மறுபதிப்புப் பெறுகின்றது. கூட்டுக் கற்றல் என்னும் முற்போக்கான வடிவம், ஏலவே உள்ள ஏற்றத்தாழ்வை மறைக்கும் திரையாக மாறிவிடும் ஆபத்து இதுவேயாகும்.

இதற்கு மாற்று கைக்கெட்டாததன்று. செய்நிரலின் ஒவ்வொரு படியிலும் மாறியின் மதிப்பு யாதென அட்டவணையில் எழுதிச் செல்லும் கைவழிச் சோதனைக்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே போதும். முன்வைப்பின் நடுவே ஆசிரியர் குழுவில் எவரையேனும் அழைத்து அடுத்த வரியை நிரப்பச் செய்யலாம். தொடக்கத்திற் பூச்சியமிடாவிடில் யாது நிகழும் என வினவலாம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் விளக்க, மூன்றாமவர் பிழை காணலாம். பாத்திரங்களும் முறைவைத்து மாறவேண்டும். அந்நிலையிற் கணினி உடைமை பேச்சுரிமையைத் தீர்மானிக்கமாட்டாது.

ஆகவே, குழு முன்வைப்பினை மதிப்பிடுகையிற் படவில்லைகளின் அழகும் ஆங்கிலச் சொற்களின் தொகையும் அளவுகோலாதல் கூடாது. குழுவிற் பின்தங்கியவர் எனக் கருதப்பட்ட மாணவர் தம் சொற்களில் ஒரு மீளச்செய்தலை விளக்க வல்லவராயினரா என்பதே பிரதான அளவுகோலாகும். அதனை ஏற்கும் வகுப்பறையிலேயே அறிவு பொதுவுடைமையாகும்.