புங்கன் எண்ணெயில் ஓடும் ஆயில் இன்ஜின்: டீசல் பம்ப் டைமிங்கை எப்போது, எப்படி மாற்றுவது?

மின் இணைப்புக்குக் காத்திருக்கும் நிலங்களிலும், ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் இறைக்கும் இடங்களிலும் ஆயில் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வரப்போரம் புங்கமரம் உள்ள விவசாயிகள் சிலர், விதையை ஆட்டி அந்த எண்ணெயிலேயே இன்ஜினை ஓட்டுகிறார்கள். ஏறத்தாழ 4 கிலோ விதைக்கு 1 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். சொந்த விதையாக இருந்தால் சரி. எண்ணெயை விலைக்கு வாங்கி ஓட்டினால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

இப்படி மாற்றிய இன்ஜினில் இழுவை குறைந்து வெள்ளைப் புகை வந்தால், பல மெக்கானிக்குகள் முதலில் கை வைப்பது டீசல் பம்ப் டைமிங்கில்தான். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே நாசில் எண்ணெயைப் பீய்ச்ச வேண்டும். 1500 சுற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் இன்ஜின்கள் பலவற்றில் இது உச்சிக்குச் சுமார் 23 டிகிரி முன்னால் இருக்கும். உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புங்கன் எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ 10 மடங்கு கெட்டியானது. புகையாகத் தூவ வேண்டிய நாசிலிலிருந்து அது சொட்டாக விழும், தீப்பிடிக்கவும் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஈடுகட்டத்தான் டைமிங்கை முன்னுக்குக் கொண்டுபோகிறோம்.

ஆனால் எல்லா இன்ஜினுக்கும் ஒரே கணக்கு இல்லை. 1500 சுற்று இன்ஜினில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமானால், அதற்குள் ஃப்ளைவீல் 9 டிகிரி சுற்றிவிடும். 650 சுற்றில் ஓடும் பழைய இரட்டை ஃப்ளைவீல் இன்ஜினில் அதே நேரத்துக்கு 4 டிகிரிகூட வராது. அதனால் மெதுவாக ஓடும் இன்ஜின்களில் டைமிங்கைத் தொடாமலே பெரும்பாலும் வேலை நடக்கும். இன்னொன்று, தாவர எண்ணெய் டீசலைவிட அழுத்தத்துக்குக் குறைவாகவே சுருங்கும். பம்ப் தள்ளியதும் நாசில் சற்று முன்பாகவே திறந்துவிடும். நாம் கொடுக்க நினைக்கும் மாற்றத்தில் ஒரு பகுதி இப்படித் தானாகவே வந்துவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது சூடு. எண்ணெய் 70 முதல் 90 டிகிரி வரை சூடாகி பம்ப்புக்கு வர வேண்டும். சைலன்சர் சூட்டில் எண்ணெய்க் குழாயைச் சுற்றி எடுப்பவர்கள் இரும்புக் குழாய் போடுங்கள். செம்பு பட்டால் எண்ணெய் சீக்கிரம் பிசினாகும். கிணற்றுத் தண்ணீரை நேராக இன்ஜினுக்குள் விட்டுக் குளிர்விப்பது நம் ஊர் வழக்கம். தண்ணீர் சில்லென்று வெளியேறினால் எந்த டைமிங் வைத்தாலும் எண்ணெய் சரியாக எரியாது. வரும் தண்ணீரைக் குறைத்து, வெளியேறும் தண்ணீர் 60 டிகிரிக்கு மேல் இருக்கும்படி வையுங்கள். நாசிலைக் கழற்றி அதன் பிரஷரையும் தூவலையும் சோதியுங்கள். ஸ்டார்ட் செய்யும்போதும், நிறுத்துவதற்கு முந்தைய 10 நிமிடமும் டீசலில் ஓட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் லோடில் வெள்ளைப் புகை வந்தால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

டைமிங் பார்க்கும் முறை

இருக்கிற டைமிங் எவ்வளவு என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். இதை டீசலில் பாருங்கள், கெட்டியான எண்ணெயில் சரியாகத் தெரியாது. பம்ப்பிலிருந்து நாசிலுக்குப் போகும் ஹை பிரஷர் பைப்பைக் கழற்றி, காற்றை எடுத்துவிட்டு, பம்ப் லீவரை முழு ஓட்டத்தில் வையுங்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது இரண்டு வால்வும் மூடி, ராக்கர் இரண்டும் லூசாக ஆடினால் அதுதான் கம்ப்ரஷன் ஏற்றம். பம்ப்பின் வாயில் நிற்கும் டீசலை விரலால் துடைத்துச் சமமாக்கி, இன்ஜின் ஓடும் திசையிலேயே ஃப்ளைவீலை மெல்லத் திருப்புங்கள். டீசல் அசைந்து மேலே எழத் தொடங்கும் அந்த நொடியில் நிறுத்தி ஃப்ளைவீலில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மூன்று முறை செய்து ஒரே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

இந்தக் கோட்டுக்கும் உச்சிக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை டிகிரியாக மாற்றுவது சுலபம். ஃப்ளைவீலின் சுற்றளவை டேப்பால் அளந்து 360-ஆல் வகுங்கள். சுற்றளவு 144 செ.மீ. என்றால் 1 டிகிரிக்கு 4 மி.மீ.; 23 டிகிரிக்கு 92 மி.மீ. வர வேண்டும். பல இன்ஜின்களில் இந்த அளவே கையேட்டுக்குக் குறைவாக இருக்கும். காரணம் பம்ப் தேய்மானம். அப்படியானால் கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்தாலே போதும்.

பம்ப்புக்கு அடியில் உள்ள மெல்லிய ஷிம்மை எடுத்தால் டைமிங் முன்னுக்குப் போகும், சேர்த்தால் பின்னுக்கு வரும். சின்ன இன்ஜின்களில் 0.1 மி.மீ. ஷிம் ஏறத்தாழ 1 டிகிரி மாற்றும். ஷிம் இல்லாத பழைய மாடல்களில் டேப்பெட் போல்ட்டை உயர்த்தினால் அதே வேலை நடக்கும். ஒரு தடவைக்கு 1 டிகிரிக்கு மேல் மாற்றாமல், போல்ட்டை இறுக்கி மறுபடி அளந்து, எண்ணெயைச் சூடாக்கி லோடில் ஓட்டிப் பாருங்கள். கையேட்டு அளவுக்கு மேல் 2 டிகிரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லா ஷிம்மையும் எடுத்துவிட்டால் பம்ப் பிளஞ்சர் மேலே இடித்து உடையும்.

புகை குறைந்து சத்தம் மாறாமல் இருந்தால் சரியான இடம். 'டக் டக்' என்று சுத்தியல் அடிப்பது போலக் கேட்டால் எடுத்த ஷிம்மை உடனே திரும்பப் போடுங்கள். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பேரிங்கும் பிஸ்டனும் போகும். அதைவிட ஆபத்து ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்பவருக்கு. டைமிங் அதிகமாக முன்னுக்குப் போன இன்ஜின் ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். டைமிங் மாற்றிய பிறகு முதல் ஸ்டார்ட்டுக்குக் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து ஹேண்டிலைப் பிடியுங்கள், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

எரியாத எண்ணெய் கொஞ்சம் ரிங் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். கையேட்டில் சொன்ன நேரத்தில் பாதியிலேயே ஆயிலை மாற்றுங்கள். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தாலோ, ஆயில் கெட்டியாக இழுபட்டாலோ அன்றே மாற்ற வேண்டும்.