தைராய்டைத் தேடிப் போகும் அயோடின்

1936 நவம்பர் 12 அன்று, பாஸ்டனில் உள்ள ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் எம்.ஐ.டி. தலைவர் கார்ல் காம்ப்டன் சொற்பொழிவாற்றினார். இயற்பியலால் மருத்துவத்துக்கு என்ன பயன் என்பது பேச்சு. அங்கிருந்த தைராய்டு மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் அவரிடம் கேட்டார்: அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக மாற்ற முடியுமா?

மொத்த வைத்தியமும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. ரத்தத்தில் வரும் அயோடினை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் சுரப்பி தைராய்டு. கிரேவ்ஸ் நோயில் ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும்போது அந்த இழுப்பு இன்னும் கூடும். ஆகவே கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் அது தானாகவே போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். முயல்களில் சோதித்துவிட்டு, இயற்பியலாளர் ஆர்தர் ராபர்ட்ஸுடன் சேர்ந்து, 1941-ல் முதல் நோயாளிக்கு இந்த மருந்தைக் கொடுத்தார் ஹெர்ட்ஸ். 45 வயதிலேயே அவர் காலமானார்.

இன்று கொடுப்பது அயோடின்-131. ஈய டப்பாவுக்குள் வைத்து எடுத்து வருவார்கள். உள்ளே இருப்பது ஒரு கேப்ஸ்யூல், அல்லது ஒரு வாய் தண்ணீர் போன்ற திரவம். விழுங்கினால் வேலை முடிந்தது. அதன் பீட்டா துகள்கள் திசுவுக்குள் ஓரிரு மில்லிமீட்டர்தான் பாயும்; சுரப்பியின் செல்களை மெல்ல அழிக்கும். எட்டு நாளில் கதிரியக்கம் பாதியாகிவிடும். கூடவே வரும் காமா கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வரும் என்பதால்தான் சில நாள் தனிப்படுக்கை, குழந்தைகளிடமிருந்து விலகல் எல்லாம். பேரனைத் தூக்க முடியாத அந்த நாட்கள் பாட்டிகளுக்குக் கஷ்டம்தான், ஆனால் அது அவசியம்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இது கூடாது. கண் பிதுங்கி, சிவந்திருப்பவர்களுக்கு, முக்கியமாகப் புகைபிடிப்பவர்களுக்கு, கண் பாதிப்பு மோசமாகலாம். மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

'அணு மருத்துவப் பிரிவு' என்ற பலகையைப் பார்த்ததுமே பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. என் கவலை அதைப் பற்றியதல்ல, பிறகு வருவதைப் பற்றியது. பலன் தெரியச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். படபடப்பும் கை நடுக்கமும் அடங்கிய பிறகு, பெரும்பாலானவர்களுக்குச் சுரப்பு தேவைக்கும் கீழே போய்விடும். உடம்பு கனக்கும், குளிர் தாங்காது, எந்நேரமும் அசதி. வைத்தியம் தோற்றுவிட்டது என்று நோயாளி கலங்கிப்போகிறார். உண்மையில் கிரேவ்ஸ் நோய்க்கு மருத்துவர்கள் எதிர்பார்க்கிற முடிவே இதுதான். 1991-ல் இந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்ட அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் அதன்பின் தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டி வந்தது.

மருந்தை விழுங்கும் முன்பே, ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை தேவைப்படலாம் என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி.