ஜவ்வாது மலையை நூலகத்தில் தேடுவது

ஜவ்வாது மலையைப் பற்றிப் பத்துப் பக்கக் கட்டுரை எழுதப் புறப்படும் கல்லூரி மாணவருக்கு முதல் வேலை, தலைப்பைச் சுருக்குவது. சாமைச் சாகுபடி, காவலூர் வானாய்வகம், மலையாளிப் பழங்குடியினர் என்று ஒவ்வொன்றும் தனி ஆய்வுக்கு உரியவை. "ஜவ்வாது மலை மலையாளிகளின் பூர்வீகம் பற்றிய கதைகள் எவை?" என்பது போன்ற ஒற்றைக் கேள்வி கையில் இருந்தால், எந்த நூல் வேண்டும், எது வேண்டாம் என்பது அலமாரியின் முன்பே தெரிந்துவிடும்.

அடுத்தது, தேட வேண்டிய பெயர்கள். இன்று இம்மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் பிறந்ததே 2019இல்தான். 1989இல் பிரிக்கப்படும் வரை இருந்தது வட ஆற்காடு மாவட்டம். 1911க்கு முன் திருப்பத்தூர் வட்டம் சேலத்தைச் சேர்ந்தது. ஆகவே பழைய செய்திகள் வட ஆற்காடு, சேலம் மாவட்ட நூல்களுக்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மலையின் பெயரையும் ஜவாதி, ஜவாடி, ஜவ்வாது என்று பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். கணினிப் பட்டியலில் ஒரு எழுத்துமுறையை மட்டும் இட்டுவிட்டு, "நூல் இல்லை" என்று திரும்பிவிடக் கூடாது.

பட்டியலில் கிடைக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போனால், தேடிய நூலின் இருபுறமும் அதே பொருள் பற்றிய நூல்கள் நிற்கும். நூலகப் பகுப்புமுறையின் பெரிய பயன் இது. நூலின் பின்பக்கத்துச் சொல்லடைவைப் பார்த்துத் தேவையான பக்கத்துக்கு நேரே போகலாம்.

படிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலின் நான்காம் தொகுதியில் மலையாளிகளைப் பற்றிய பகுதி வருகிறது. ஜவ்வாது மலைக்காரர்களின் கதை அதில் உண்டு: கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் எழுவரைக் கவர்ந்து சென்றார்கள், மீட்கப் போன ஏழு ஆண்களுடன் ஏழு நாய்களும் போயின, பாலாற்று வெள்ளத்தைக் கண்டு நாய்கள் வீடு திரும்ப, போனவர்கள் இறந்ததாக எண்ணி மனைவியர் கைம்மை பூண்டார்கள், பின்னர் திரும்பிய ஆண்கள் வேடர் பெண்களை மணந்து மலையேறினார்கள். சேலம் பக்கத்து மலையாளிகளின் கதையோ வேறு. அதில் காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்குப் பிரிந்து போகிறார்கள்.

ஏழு பேர் கதை ஏ. எஃப். காக்ஸ் 1881இல் எழுதி, எச். ஏ. ஸ்டூவர்ட் 1890களில் திருத்திய வட ஆற்காடு மாவட்ட நூலிலும் இருக்கிறது. தர்ஸ்டன் அதை அங்கிருந்துதான் எடுத்தார். இரண்டு நூல்களையும் இரண்டு சான்றுகளாகக் காட்டுவது பிழை. உள்ளது ஒரே சான்று. எந்தச் செய்தியையும் அது முதலில் பதிவான இடம் வரை பின்தொடர்ந்து போவதே ஆய்வு. இந்நூல்களை எழுதிய அதிகாரிகள் வரி, நிர்வாகம், சாதி வகைப்பாடு ஆகியவற்றின் கண்கொண்டு மக்களைப் பார்த்தவர்கள் என்பதையும் கட்டுரையில் சொல்ல வேண்டும்.

மலையடிவாரக் கல்லூரி நூலகத்தில் இவையெல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 1896இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய நூல்களுக்குப் பெயர்பெற்றவை. ஊரிலிருந்தபடியே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்துவைத்திருக்கும் சோத்கங்கா தளத்திலும் தேடலாம். ஆய்வேட்டின் இறுதியில் உள்ள துணைநூற்பட்டியல் அடுத்த தேடலுக்கு வழிகாட்டும். காவலூர் பற்றி எழுதுவோருக்கு நூல்களைவிட ஆய்விதழ்களே உதவும். 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களை வெளிப்படுத்திய அவதானிப்புகளில் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பங்கேற்றது. அதன் விவரங்கள் ஆய்விதழ்களில் வெளிவந்தன.

குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர், நூல், பதிப்பாண்டு, பக்க எண் நான்கையும் எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பக்க எண் கிடைக்காது. நூலின் சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும் தன் கருத்தை வெளியேயும் வைத்தால், பிறர் எழுத்து தன் எழுத்தாகக் கலந்துவிடாது. மலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பெரியவர் ஒருவரிடம் ஏழு பேர் கதையைக் கேட்டு எழுதினால், அவர் சம்மதத்தோடு ஊரையும் தேதியையும் குறித்து, அச்சில் உள்ள வடிவத்தோடு கலக்காமல் தனிச் சான்றாகத் தர வேண்டும்.