எழுபத்திரண்டு பெர்த்தும் ஒரு மசோதாவும்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. என் தங்கை மகன் திருப்பத்தூரிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கினான். டிப்ளமோ படித்துவிட்டு, ஓசூரில் ஒரு வருடம் சி.என்.சி. மெஷின் ஓட்டிப் பழகியவன். பீன்யாவில் ஒரு சிறு பட்டறையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, சர்டிபிகேட் பையுடன் புறப்பட்டவன் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டான்.

"என்னப்பா, அதற்குள் முடிந்துவிட்டதா?" என்றேன்.

"மாமா, ஓனர் ரெண்டு நாள் பொறுத்து வரச் சொல்லிட்டார். புதுச் சட்டம் வருதாம். நான் எந்தக் கணக்குல வருவேன்னு அவருக்கே தெரியலையாம்."

முதல் நாள் திங்கட்கிழமைதான் கர்நாடக அமைச்சரவை அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தந்திருந்தது. தொழிற்சாலைகளிலும் மற்ற தனியார் நிறுவனங்களிலும் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே தர வேண்டும் என்பது அதன் சாரம். யார் உள்ளூர்க்காரர்? கர்நாடகத்தில் பிறந்திருக்க வேண்டும். 15 ஆண்டுகள் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி இறுதிச் சான்றிதழில் கன்னடம் ஒரு பாடமாக இல்லையென்றால் தனியே ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும்.

அன்று மாலை காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அடியேன் பிறந்தது தருமபுரிப் பக்கம். 1982-இல் தென்னக ரயில்வேயின் பெங்களூர் கோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மாநிலத்தின் தண்ணீரைக் குடித்தவன். பங்காருபேட்டையிலிருந்து மைசூர் வரை தண்டவாளம் பார்த்திருக்கிறேன். ஆனால் மசோதாவின்படி நான் உள்ளூர்க்காரன் அல்லன். இன்னும் நாற்பது வருடம் இருந்தாலும் ஆக முடியாது, பிறந்த ஊரை மாற்ற முடியாதே! என் மகள் பிறந்தது பெங்களூரில். பள்ளியில் கன்னடம் படித்தவள். அவள் அசல் உள்ளூர்க்காரி. ஆனால் அவள் வேலை பார்ப்பது புனேயில். அங்கே அவள் வெளியூர்க்காரி.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுதான். கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய தமிழர்களின் ஊர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு, மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூரில் வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பாதையைப் பராமரித்தவன் என்ற முறையில் அந்தப் பெட்டிகளின் நெரிசல் எனக்குத் தெரியும். தாத்தா பிறந்ததும் அங்கே, பேரன் பிறந்ததும் அங்கே. ஆனால் பேரன் பள்ளியில் கன்னடம் எடுக்காமல் படித்திருந்தால், தேர்வெழுதித்தான் சொந்த மாநிலத்தில் உள்ளூர்க்காரன் ஆக வேண்டும்.

புதன்கிழமை இரவுக்குள் கதை மாறிவிட்டது. கணினித் தொழில் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் கவலை தெரிவித்தது. பெரிய தொழிலதிபர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள். ஆந்திர அமைச்சர் ஒருவர், விசாகப்பட்டினத்துக்கு வாருங்கள் என்று அவர்களுக்கு அழைப்பு விடுத்தார். (இதே ஆந்திரம்தான் முந்தைய ஆட்சியில், 2019-இல், 75 சதவீத உள்ளூர் ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டது. அதை யாரும் நினைவுபடுத்தியதாகத் தெரியவில்லை.) ஜூலை 17 அன்றே மசோதாவை நிறுத்தி வைப்பதாகக் கர்நாடக அரசு அறிவித்தது. வியாழக்கிழமை பையனைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்கள்.

அத்தோடு மறந்திருக்கலாம். ஆனால் என் மண்டையில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மூன்று நாளில் மசோதாவை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேசியதைப் பார்த்தால், எனக்கு ரயில் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். (இப்போதைய எல்.எச்.பி. பெட்டியில் 80.) அந்த 72-க்குள் பெண்களுக்கு இத்தனை, மூத்தவர்களுக்கு இத்தனை, எமர்ஜென்சி கோட்டாவுக்கு இத்தனை, தட்காலுக்கு இத்தனை என்று பிரிப்போம். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை. பெட்டி நீளாது. அங்கே கோட்டா போடுவதில் ஒரு நியாயம் உண்டு. இந்த மசோதாவை எழுதியவர்கள் பெங்களூரின் வேலைகளையும் 72 பெர்த் என்றே நினைத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

பட்டறை அப்படியில்லை. பீன்யா பட்டறை முதலாளியைப் பிறகு ஒரு நாள் பார்த்துப் பேசினேன். அவர் கன்னடக்காரர், ஹாசன் பக்கம். பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். "என் மெஷினை செட் செய்யத் தெரிந்த ஒருவன் வந்தால், அவனுக்குக் கீழே இரண்டு ஹெல்பர், ஒரு பாக்கிங் ஆள் வைக்க முடியும். அந்த ஒருவன் கிடைக்காவிட்டால் மெஷினுக்குத் துணி போர்த்திவிடுவேன். அப்போது உள்ளூர்ப் பையன்கள் மூன்று பேருக்கும் வேலை இல்லை" என்றார். பெட்டியில் ஏறியவன் பெர்த்தைப் பிடித்துக்கொள்வான். பட்டறையில் ஏறியவன் கூடவே இரண்டு பெர்த்தைக் கொண்டு வருகிறான். சந்தைப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளில் சொல்வதன் அடிப்படை இதுதான் என்று எனக்குப் பட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்காவிட்டால் அரசிடம் விண்ணப்பித்து விலக்கு வாங்கலாம் என்று மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. விலக்குக்கும் அளவு உண்டு. 70 என்பது 50-க்குக் கீழேயும், 50 என்பது 25-க்குக் கீழேயும் இறங்கக் கூடாது. "பெரிய கம்பெனிக்கு இதற்கென்றே ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கும். வக்கீல் இருப்பார். நான் மெஷினை நிறுத்திவிட்டு அந்த ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும்." மீறினால் அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை. பெரிய நிறுவனத்துக்கு அது டீச் செலவு. அவருக்கு ஒரு ஆளின் ஒரு மாதச் சம்பளம்.

ஹரியானாவில் இது வெறும் பயமாக இல்லை, நடந்தே விட்டது. மாதம் 30,000 ரூபாய்க்குள் சம்பளம் உள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்ற சட்டம் 2022 ஜனவரி 15 முதல் அங்கே அமலுக்கு வந்தது. ஊழியர் விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், அதிகாரி வந்து சோதிக்கலாம். தொழில் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2023 நவம்பர் 17 அன்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது. நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் குடிமகனுக்கு உரிமை உண்டென்று அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. அரசு வேலையில்கூடக் குடியிருப்பை நிபந்தனையாக வைக்கும் அதிகாரம், 16(3)-இன்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. என்னைப் போன்றவன் தருமபுரியிலிருந்து வந்து பங்காருபேட்டையில் பி.டபிள்யூ.ஐ. ஆக முடிந்தது இந்தப் பிரிவின் தயவில்தான்.

பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று பெயர் சூட்டி, அதை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜி, ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். கல்லூரிப் படிப்புக்கு வந்தது பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்கு. அவருடைய அரசியல் எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்லன். ரயில்வேத் தொழிற்சங்கத்தில் சந்தா கட்டியவன் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கிழவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

இதோடு நிறுத்தினால் நான் ஒருதலையாகப் பேசியவன் ஆவேன்.

என்னிடம் கீமேனாக இருந்து மேட் ஆகி ஓய்வு பெற்ற ஒருவர் மத்தூரில் இருக்கிறார். எனக்குக் கன்னடம் சொல்லிக் கொடுத்த குரு. விடிகாலையில் ஸ்பானரும் சுத்தியலும் தோளில் போட்டுக்கொண்டு பாதை பார்த்துச் செல்லும்போது, பேச்சுத் துணைக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வருவார். அவருடைய மகன் ஐ.டி.ஐ. பிட்டர். மசோதாவை நிறுத்தி வைத்த வாரம் அவருடன் போனில் பேசினேன். என் 72 பெர்த் விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நிம்ம மாத்து சரி. ஆதரெ நம்ம ஹுடுகரிகெ கெலச பேக்கல்வா?" என்றார். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் எங்கள் பையன்களுக்கு வேலை வேண்டாமா என்கிறார்.

மகன் பெங்களூரில் ஆறு மாதம் அலைந்தானாம். ஒரு இடத்தில் கேட்டிலேயே "ஹிந்தி தெரியுமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். கன்னட நாட்டின் தலைநகரில், கன்னடம் மட்டும் தெரிந்தவன் வாசலோடு திரும்புவது என்றால் வயிறு எரியாதா? நம் ஊரில் நமக்கு அப்படி நடந்தால் என்ன செய்வோம்? இந்தக் கோபம் இன்று வந்ததும் அல்ல. 1880-களில் மைசூர் சமஸ்தானத்தில் திவான்களும் அதிகாரிகளும் மதராஸிலிருந்து வருகிறார்களே என்று உள்ளூர்க்காரர்கள் குமுறியிருக்கிறார்கள். 1980-களில் சரோஜினி மகிஷி குழுவை அமைத்ததும் கன்னடர்களுக்கு வேலை வேண்டும் என்ற கேள்விக்காகத்தான்.

அந்தப் பையன் ஏன் திருப்பி அனுப்பப்பட்டான்? சந்தையின் பெயரால் பேசுகிறவர்கள் இதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். பாதை வேலைக்கு வரும் கான்ட்ராக்டர்களிடம் பல வருடம் பார்த்தது. உள்ளூர் ஆள் சாயங்காலம் வீட்டுக்குப் போவான், திருவிழாவுக்கு லீவு கேட்பான், கூலி குறைந்தால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவன் தகரக் கொட்டகையில் படுத்து, சொன்ன நேரமெல்லாம் வேலை செய்வான், வாய் திறக்க மாட்டான். கான்ட்ராக்டர் தேடுவது வாய் திறக்காத ஆளை. வெளி மாநிலத் தொழிலாளிக்கும் உள்ளூர்க்காரனுக்குத் தருகிற கூலியே தர வேண்டும் என்று 1979-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. என் கண்ணெதிரே அது எத்தனை இடத்தில் நடந்தது என்று கேட்டால், தலையைக் குனிந்துகொள்வேன். மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கூலியும் பி.எஃப்.பும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால், மத்தூர்ப் பையன் கேட்டைத் தாண்டி உள்ளே போயிருப்பான். அதற்குப் புதிய கோட்டா வேண்டியிருக்கவில்லை, அந்தப் பழைய சட்டமே போதுமாக இருந்தது.

கன்னடம் விஷயத்தில் நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நன்றாகப் பேசுவேன், போர்டு படிப்பேன். ஆனால் எழுதச் சொன்னால் என் கை நிற்கும். மசோதாவின் தேர்வில் நான் பெயில்தான். நாற்பது வருடம் இருந்தவனுக்கு இது பெருமையா? ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கத்தில் எழுத்துக் கன்னட வகுப்பு வைத்தால் முதல் பெஞ்சில் நான் உட்காருகிறேன் என்று நம் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். சட்டத்துக்குப் பயந்து அல்ல.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2021 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில், தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் தமிழர்களுக்கே என்று சட்டம் கொண்டு வருவோம் என தி.மு.க. தேர்தல் அறிக்கை சொன்னது. ஊரில் என் மைத்துனர் அதைப் படித்துவிட்டுப் போனில் மகிழ்ச்சியாகச் சொன்னார். அதே மைத்துனர் 2024-இல் கர்நாடக மசோதாவைக் கேட்டுவிட்டு, "என்ன அநியாயம் மாப்பிள்ளை இது!" என்றார். அவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. எனக்கும் 2021-இல் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு மத்தூர் நண்பர் கூப்பிட்டார். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். எங்கே என்று கேட்டேன். ஓசூரில், ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். அத்திபெலேயில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிறான். போர்மன் தமிழில் சொல்கிறார், இவன் கன்னடத்தில் பதில் சொல்கிறான், இரண்டு பேருக்கும் புரிகிறது. ஓசூர்ப் பக்கம் அது புதிதல்ல.

"அந்தப் பக்கமும் 75 சதவீதம் என்று சட்டம் வந்தால்?" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது பரபாரது, சார்" என்றார். அது வரக் கூடாது.

பின்னால் மகன் பட்டாசு வெடிக்கும் சத்தம் கேட்டது. மனைவியிடம் ரிசீவரைக் கொடுக்கிறேன், அம்மாவிடம் கொடுங்கள், ஒப்பட்டு எப்படிச் செய்வது என்று கேட்க வேண்டுமாம் என்றார்.