200 நிமிடங்கள் யாருக்கு?

கடந்த ஆண்டு எமது கூடைப்பந்தாட்ட அணியின் வலயமட்டப் போட்டியைப் பார்க்க உம்மா முதன்முறையாக மைதானத்துக்கு வந்திருந்தார். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது நாங்கள் 6 புள்ளிகளால் பின்தங்கியிருந்தோம். அந்த நேரத்தில் பயிற்றுவிப்பாளர் என்னை வெளியே அழைத்து, தரம் 9இல் படிக்கும் ஒரு தங்கையை உள்ளே அனுப்பினார். அவள் பதற்றத்தில் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தாள். நாங்கள் தோற்றோம். வீடு திரும்பும் வழியில் உம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"தோக்கிற நேரத்துல சின்னப் புள்ளைய ஏன் மகள் எறக்கினாங்க?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. கோபம் மட்டுமே இருந்தது. இவ்வாண்டு நான் அணித்தலைவியானபோது அதே கேள்வி என் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பதில் தேடியபோது அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. கூடைப்பந்தாட்டப் போட்டியொன்று 10 நிமிடங்கள் கொண்ட 4 கால்பகுதிகளாக நடைபெறும். ஓர் அணியில் ஒரே நேரத்தில் 5 பேர் ஆடுவர். ஆகவே ஓர் அணியிடம் பங்கிடுவதற்கு இருப்பது 40 × 5 = 200 நிமிடங்கள் மாத்திரமே. பெயர்ப்பட்டியலில் 12 பேர் வரை இருக்கலாம். அனுபவமுள்ள ஐவருக்கு ஆளுக்கு 36 நிமிடங்கள் கொடுத்தால் 180 முடிந்துவிடும். மீதி ஏழு பேரும் 20 நிமிடங்களைப் பங்கிட வேண்டும். பொருளியல் பாடத்தில் இதை அமையச் செலவு என்று படிக்கிறோம். ஒன்றைத் தெரிவுசெய்யும்போது கைவிடப்படும் மற்றொன்றே அதன் விலை. தங்கைக்குக் கிடைத்த அந்த நிமிடங்களின் விலை நான்.

இளையவர்களை வளர்ப்பதா, இருப்பவர்களைக் கொண்டு இப்போதே வெல்வதா என்ற இந்தக் கேள்வி, பெரும் பணம் புழங்கும் அமெரிக்காவின் என்.பீ.ஏ. அணிகளுக்கும் உண்டு. அங்கு ஆண்டுதோறும் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் 'ட்ராப்ட்' நடைபெறுகிறது. முந்திய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு, சீட்டுக் குலுக்கலின் மூலம், முன்னதாகத் தெரிவுசெய்யும் வாய்ப்பு அதிகம். தோற்றவன் நாளை எழும்பட்டும் என்பதே அதன் நோக்கம்.

கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் அணி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் சம்பியனானது. பின்னர் முக்கிய வீரர்கள் காயமடைய, 2019-20 பருவத்தில் 65 போட்டிகளில் 15இல் மட்டுமே வென்றது. அதனால் 2020 ட்ராப்டில் இரண்டாவது தெரிவு அதற்குக் கிடைத்தது. 19 வயதான, மிக உயரமான ஜேம்ஸ் வைஸ்மனை அவர்கள் எடுத்தார்கள். அவர் பல்கலைக்கழக மட்டத்தில் ஆடியிருந்தது வெறும் 3 போட்டிகள். ஸ்டீபன் கரி போன்ற மூத்தவர்களோடு வெல்லவும் வேண்டும், இளையவர்களை வளர்க்கவும் வேண்டும் என்பது அணியின் திட்டம். வைஸ்மன் நேரடியாக முதன்மை அணியில் இறக்கப்பட்டார். 39 போட்டிகளின் பின் முழங்காலில் காயம். அடுத்த பருவம் முழுவதும் முதன்மை அணிக்கு ஆடவில்லை. 2023 பெப்ரவரியில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

அதே அணியில்தான் ஜோர்டன் பூலும் இருந்தார். அவர் 2019 ட்ராப்டில் 28ஆவது ஆள். முதற் பருவத்தில் அவர் எறிந்த பந்துகளில் மூன்றில் ஒன்றுதான் கூடைக்குள் விழுந்தது. 2021இல் அவரை ஜீ லீக் எனப்படும் கீழ்நிலைத் தொடருக்கு அனுப்பினார்கள். அங்கு அவர் வாங்கில் உட்காரவில்லை. நீண்ட நேரம் ஆடினார், தவறு செய்தார், திரும்பவும் ஆடினார். 2021-22 பருவத்தில் போட்டிக்கு சராசரியாக 18.5 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆண்டு வொரியர்ஸ் பொஸ்டன் அணியை 4-2 என வென்று மீண்டும் சம்பியனானது.

வைஸ்மனின் கதையில் காயத்துக்கும் பெரும் பங்குண்டு என்பதை மறக்கக்கூடாது. ஆயினும் 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்ற பழமொழியை எண்ணி நான் யோசித்தது இங்கேதான். இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் நிலைக்கவில்லை; 28ஆவது ஆள் சம்பியன் அணியில் ஆடினார். டென்வர் அணியின் நிகொலா யோகிச் 2014இல் 41ஆவதாகவே தெரிவானார். பின்னர் மூன்று முறை ஆண்டின் பெறுமதிமிக்க வீரர் விருதை வென்றார். முளையைப் பார்த்து மட்டும் பயிரைச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். கூடைப்பந்தில் தண்ணீர் என்பது ஆடும் நிமிடங்கள்.

மைக்கல் ஜோர்டனைப் பாடசாலை அணியிலிருந்து நீக்கினார்கள், அழுது, உழைத்து, உலக வீரரானார் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்போம். உண்மையில் 1978இல், தரம் 10இல், அவர் நீக்கப்படவில்லை. சிரேஷ்ட அணியில் இடம் கிடைக்காததால் கனிஷ்ட அணியில் சேர்க்கப்பட்டார். சிரேஷ்ட அணியில் இருந்திருந்தால் வாங்கில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு பருவத்தை, கனிஷ்ட அணியில் அவர் மைதானத்திலேயே கழித்தார். ஜோர்டனின் கண்ணீரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் கனிஷ்ட அணியைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

அப்படியானால் காத்திருப்பது எப்போதும் பலன் தருமா? இல்லை. பிலடெல்பியா அணி இளையவர்களைச் சேர்ப்பதற்காகவே 2013 முதல் மூன்று பருவங்கள் தோல்விகளைத் தாங்கிக்கொண்டது. 246 போட்டிகளில் வென்றவை 47. அதன் பின் நல்ல அணியாகியும், 2025 வரை அவர்களால் ப்ளேஓஃப் இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை. ஒக்லஹோமா சிட்டி அணியும் 2021இல் 22, 2022இல் 24 என மிகக் குறைந்த வெற்றிகளையே பெற்றது. ஆனால் அந்த ஆண்டுகளில் இளையவர்கள் மைதானத்தில் இருந்தார்கள்; அவர்களுக்கு நடுவே ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற ஓர் ஊன்றுகோலும் இருந்தார். 2025 ஜூனில் அவ்வணி சம்பியனானது. காத்திருப்புக்கு உத்தரவாதம் இல்லை. அதன் விலையைத் தெரிந்துகொண்டே காத்திருக்க வேண்டும்.

பாடசாலை அணிக்கும் இந்த அணிகளுக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. எமக்கு ட்ராப்ட் இல்லை. யாரையும் வாங்கவோ மாற்றவோ முடியாது. உயர்தரப் பரீட்சை வந்ததும் சிறந்த வீராங்கனையும் போய்விடுவாள். இன்று தரம் 8, 9இல் இருப்பவர்களைத் தவிர நாளைய அணி வேறெங்கிருந்தும் வராது. ஆகவே இளையவர்களை வளர்ப்பதா என்ற கேள்வி எமக்கு இல்லை. எத்தனை நிமிடங்கள், எப்போது என்பதே எமது கேள்வி.

இன்னொரு கவலையும் எமக்கு உண்டு. பெண் பிள்ளைகள் விளையாட்டை விட்டு விலகுவது பெரும்பாலும் இந்த வயதில்தான். உடை ஒரு காரணம். அமெரிக்காவின் பில்கிஸ் அப்துல் காதர் என்ற முஸ்லிம் சகோதரி, தலையை மறைத்தபடியே ஆடி, மசாசூசெட்ஸ் மாநிலப் பாடசாலைப் போட்டிகளில் 3,070 புள்ளிகள் எடுத்தவர். ஆனால் தலையை மறைத்து ஆட சர்வதேச விதிகள் அனுமதிக்காததால், தொழில்முறை ஆட்டத்துக்கான அவரது கதவு மூடியது. 2014 ஆசிய விளையாட்டு விழாவில் கட்டார் பெண்கள் அணியும் இதே காரணத்தால் விலகியது. 2017 ஒக்டோபரிலிருந்து சர்வதேசச் சம்மேளனம் ஹிஜாபை அனுமதித்துள்ளது. அந்தத் தடை இன்று இல்லை. ஆனால் வாங்கில் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளையை, "விளையாடக் கிடைக்காத இடத்துக்கு ஏன் போற?" என்று வீட்டில் நிறுத்தினால் அதற்கு எம்மிடம் பதில் இல்லை. முந்திய ஆண்டில் அப்படி ஒருத்தியை நாம் இழந்தோம்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் நடந்த கூட்டத்தில், வலயமட்டத்துக்கு அனுபவமுள்ளவர்கள் மட்டும் போதும் என்று சிலர் சொன்னார்கள். மாகாண மட்டத்துக்குத் தெரிவானால் கிடைக்கும் சான்றிதழ் அவர்களுக்கு முக்கியம். அது தவறான ஆசையல்ல, எனக்கும் அது இருந்தது. என்னிடம் கேட்டபோது நான் 200 நிமிடக் கணக்கைச் சொன்னேன். கடைசியில் மூன்று விடயங்களுக்கு எல்லோரும் இணங்கினோம். ஒவ்வொரு போட்டியிலும் 60 நிமிடங்கள் இளையவர்களுக்கு. யார் எப்போது வெளியே வருவார் என்பதைப் போட்டிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தவணை முடிவில் ஒவ்வொரு தங்கையும் எதில் முன்னேறியிருக்கிறாள் என்று அவளுடன் இருந்து பார்க்க வேண்டும்.

மாகாண மட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. காலிறுதியில் 4 புள்ளிகளால் தோற்றோம். அந்த 60 நிமிடங்களும் எங்களிடம் இருந்திருந்தால் வென்றிருப்போமா? வென்றிருக்கலாம். சான்றிதழ் கிடைக்காத என் தோழிகளிடம் அதை நான் மறைக்கவில்லை.

அன்றும் உம்மா வந்திருந்தார். கடைசிக் கால்பகுதியில் நான் வெளியே வந்து அமர்ந்தேன். பந்தைப் பறிகொடுத்த அதே தங்கை, இப்போது தரம் 10, பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். எதிரணியின் இருவர் நெருங்கியபோது நின்று, தலையை நிமிர்த்திப் பார்த்து, தனியாக நின்றவளுக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் உம்மா கேட்டார்: "அந்தப் புள்ள அடுத்த வருஷமும் இருப்பாளா?"

"இருப்பாள் உம்மா. நான்தான் இருக்கமாட்டேன்."

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மூத்த மகள் வாங்கில் அமர்ந்திருந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். உங்கள் இளைய மகள் மைதானத்தில் தவறு செய்தால் அடுத்த நாளே அவளை நிறுத்திவிடாதீர்கள். அவள் தவறு செய்யும் அந்த நிமிடங்களை அவளுக்காக யாரோ ஒரு மூத்த பிள்ளை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.