புல்வெளியில் ஒரு கூடாரம்

‘சஃபாரி’ என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் சுவாஹிலி மொழிச் சொல். அதற்குப் ‘பயணம்’ என்பது பொருள். அரபு மொழியிலிருந்து சுவாஹிலிக்குச் சென்ற சொல் இது. மலாய் மொழியில் பயணியைக் குறிக்கும் ‘முசாஃபிர்’ என்னும் சொல்லும் அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான். இன்று ‘சஃபாரி’ என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆப்பிரிக்கப் புல்வெளி. சிங்கத்தையும் யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் அவை வாழும் இடத்துக்கே சென்று காணும் பயணத்தையே அச்சொல் இப்போது குறிக்கிறது.

இப்பயணத்தின் தொடக்கம் அவ்வளவு இனிமையானதன்று. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விலகிய தியோடர் ரூஸ்வெல்ட், 1909ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நீண்ட வேட்டைப் பயணத்தை மேற்கொண்டார். கூடாரங்களையும் உணவையும் சுமைதூக்கிகள் தலையில் சுமந்து நடந்தனர். தாமும் தம் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512 என்று அவரே கணக்கு எழுதி வைத்துள்ளார். காலம் மாறியது. கென்யா 1977ஆம் ஆண்டில் வேட்டையாடுதலைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த இடத்தில் நிழற்படக் கருவி வந்தது. கூடாரம் மட்டும் மாறாமல் நிலைத்துவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. கூடாரம் அமைக்க மலையைக் குடைய வேண்டியதில்லை. கற்சுவர் எழுப்ப வேண்டியதில்லை. முகாமைப் பிரித்து எடுத்துச் சென்ற சில மாதங்களில் அவ்விடத்தில் மீண்டும் புல் முளைத்துவிடும். மேலும், கித்தான் துணிக்கு வெளியே சிங்கம் கர்ச்சிப்பதையும் கழுதைப்புலி ஊளையிடுவதையும் படுத்தபடியே கேட்கலாம். மாடிக் கட்டடத்தில் தங்குவோருக்கு இந்த அனுபவம் எளிதில் கிட்டாது.

கென்யாவிலும் தான்சானியாவிலும் இத்தகைய கூடார முகாம்கள் பல உள்ளன. விளம்பரப் படங்களில் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். வெள்ளை விரிப்பிட்ட கட்டில், மங்கிய விளக்கு, பின்னால் சிவந்த வானம். படத்தைப் பார்த்து முகாமைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறக்கூடும். அந்தக் கூடாரம் எப்போது, எங்கே, யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று கேட்பவரே சரியான முகாமைக் கண்டடைவார். அக்கேள்விகளுக்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே அந்தப் புல்வெளியின் எதிர்காலமும் அமைகிறது.

காலம் அறிதல்

தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவும் கென்யாவின் மசாய் மாரா தேசியக் காப்பகமும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. இரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டு; விலங்குகள் அதை அறியா. செரங்கெட்டியின் பரப்பளவு மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். நம் நாட்டின் தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்டது. செரங்கெட்டி அதைவிட மூன்று மடங்குக்கும் பெரியது. தாமான் நெகாராவின் அடர்ந்த மழைக்காட்டில் பத்தடி தூரத்தில் நிற்கும் விலங்குகூட நம் கண்ணில் படாமல் போகலாம். செரங்கெட்டியில் பார்வையை மறைக்க மரங்கள் குறைவு. ஆனால், வெளி மிகப் பெரிது. விலங்குகள் ஒரு மூலையிலும் நாம் மற்றொரு மூலையிலும் இருந்தால் புல்லைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டும்.

இங்கு வாழும் விலங்குகளில் வில்டபீஸ்ட் குறிப்பிடத்தக்கது. மாட்டைப் போன்ற தலையும் நீண்ட தாடியும் உடைய ஒருவகைப் பெரிய மறிமான் அது. மழையையும் பசும்புல்லையும் தேடி, இலட்சக்கணக்கான வில்டபீஸ்டுகள் ஆண்டு முழுவதும் வட்டமாக நடந்துகொண்டே இருக்கின்றன. வரிக்குதிரைகளும் அவற்றுடன் சேர்ந்துகொள்கின்றன. இந்த இடப்பெயர்வின் போக்கை அறிந்தவருக்கே முகாமைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை கூட்டங்கள் செரங்கெட்டியின் தெற்கில், இண்டுட்டு வட்டாரத்தில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. அங்கு முளைக்கும் குட்டைப் புல்லில் கனிமச் சத்துகள் மிகுதி. பாலூட்டும் தாய்களுக்கு அது நல்ல உணவு. அதனால்தான் பெரும்பாலான கன்றுகள் சில வாரங்களுக்குள் அங்கே பிறக்கின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களிலேயே எழுந்து நிற்கிறது. மே, ஜூன் மாதங்களில் கூட்டங்கள் மேற்கே குருமெட்டி ஆற்றை நோக்கி நகர்கின்றன. ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை அவை வடக்கில் இருக்கும். முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றை அவை கூட்டங்கூட்டமாகக் கடப்பது அக்காலத்தில்தான். நவம்பரில் சிறுமழை தொடங்கியதும் மீண்டும் தெற்கே திரும்புகின்றன.

ஆகவே, ஆற்றைக் கடக்கும் காட்சியைக் காண விரும்புபவர் பிப்ரவரியில் மாராவுக்குச் சென்றால் பயனில்லை. கன்றுகளைக் காண விரும்புபவர் ஆகஸ்டில் இண்டுட்டுவுக்குச் சென்றாலும் அப்படியே. மழை ஒவ்வோர் ஆண்டும் நாள்காட்டியைப் பார்த்துப் பெய்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சில வாரங்கள் முன்பின் ஆகலாம். ஏப்ரல், மே மாதப் பெருமழையில் கரிசல் மண் சேறாகி வண்டிகள் சிக்கிக்கொள்ளும். அப்போது சில முகாம்களை மூடிவிடுவார்கள். கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், காரணம் என்ன என்று கேட்க வேண்டும்.

கூடார முகாம்கள் இரு வகைப்படும். ஒன்று, ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் நிலையான முகாம். மற்றொன்று, விலங்குகளைப் பின்தொடர்ந்து ஆண்டுக்குச் சில முறை இடம் மாறும் முகாம். இடப்பெயர்வைக் காண்பதே நோக்கமானால் இரண்டாம் வகை ஏற்றது. மாராவில் சிங்கம், யானை, சிறுத்தை போன்றவை ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. அவற்றை அமைதியாகக் காண நிலையான முகாமே போதும்.

இடம் அறிதல்

காலத்தை அறிந்தபின், நிலம் யாருடையது என்று கேட்க வேண்டும். இப்புல்வெளிகளில் நெடுங்காலமாக மாடு மேய்த்து வாழ்ந்தவர்கள் மசாய் மக்கள். 1951ஆம் ஆண்டில் செரங்கெட்டி தேசியப் பூங்கா ஆனது. 1959ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டனர். விலங்குகளுக்கு இடம் கிடைத்தது. அவற்றுடன் வாழ்ந்த மனிதர்கள் இடத்தை இழந்தார்கள்.

கென்யாவில் மாரா தேசியக் காப்பகத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் கதை வேறு. அது மசாய் குடும்பங்களுக்குச் சொந்தமானது. நிலம் சிறு துண்டுகளாகப் பங்கிடப்பட்டபோது ஓர் ஆபத்து எழுந்தது. உரிமையாளர்கள் ஆளுக்கொரு வேலி போட்டால் விலங்குகள் நடமாட வழியில்லாமல் போகும். இதற்குத் தீர்வாக 2000ஆம் ஆண்டுகளில் ஒரு புதிய முறை பரவியது. அண்டை நிலத்தார் பலர் தங்கள் நிலங்களை ஒன்றாக்கிச் சமூகக் காப்பு நிலங்களை உருவாக்கினர். முகாம் நடத்துவோர் அந்நிலத்துக்கு அவர்களிடம் வாடகை செலுத்துகின்றனர். மாரா நார்த், நபோய்ஷோ, ஒலாரே மொடொரோகி ஆகியவை அவ்வாறு உருவானவை. அங்கு வேலி போடுவதில்லை. உடன்பாட்டின்படி மாடுகள் மேயலாம். ஒரு சிங்கம் உயிரோடு இருப்பதால் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கிடைக்கிறது என்றால், அக்குடும்பம் அச்சிங்கத்தைக் காக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

இக்காப்பு நிலங்களில் எத்தனை கூடாரங்கள் அமைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஒரு விலங்கைச் சூழ்ந்து எத்தனை வண்டிகள் நிற்கலாம் என்பதற்கும் விதி உண்டு. தேசியக் காப்பகத்துக்குள் பொதுவாகக் கிட்டாத இரவுப் பயணமும், வழிகாட்டியுடன் நடந்து செல்லும் வாய்ப்பும் இங்குக் கிட்டுகின்றன. ஆனால், கட்டணம் பெரும்பாலும் அதிகம். ஆறு கடக்கும் காட்சிக்குத் தேசியக் காப்பகத்துக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும்.

வண்டிகளின் எண்ணிக்கை இவ்வளவு முக்கியமா என்று சிலர் நினைக்கலாம். மாராவில் வாழும் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. சுற்றுப்பயணிகள் குறைவாக வரும் பகுதியில், தாய்ச் சிவிங்கிப்புலி ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. சுற்றுப்பயணிகள் மிகுதியாக வரும் பகுதியிலோ, பத்து ஈற்றுகளுக்கு ஏறத்தாழ இரண்டு குட்டிகளே பிழைத்தன. சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு. நாம் வண்டியில் சென்று பார்க்கும் நேரமும் பகல்தான். விலங்கை நேசித்து வந்தவர்களே அதன் குட்டிக்குத் தீங்காகிவிடுவது வேதனைக்குரியது.

முகாமுக்குள்

காலமும் இடமும் முடிவான பிறகே வசதிகளைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான முகாம்களில் கூடாரத்துக்குள் கட்டிலும் கழிவறையும் இருக்கும். சில முகாம்களில் ‘வாளிக் குளியல்’ வழக்கத்தில் உள்ளது. நாம் கேட்கும் நேரத்தில் பணியாளர் வெந்நீரைக் கொண்டுவந்து, கூடாரத்துக்குப் பின்னால் உயரத்தில் தொங்கும் வாளியில் ஊற்றுவார். அந்த நீர் தீருமுன் குளித்து முடிக்க வேண்டும். நீர் அரிதான நிலத்தில் இது குறையன்று, சிக்கனம். மாரா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேல் உயரமானது. இரவில் குளிரும். பல முகாம்களில் படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைப்பது வழக்கம்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். பல முகாம்களுக்கு வேலி கிடையாது. யானையும் நீர்யானையும் கூடாரங்களுக்கு இடையே நடந்து போவதுண்டு. இருட்டியபின் காவலர் துணையின்றி வெளியே செல்லக்கூடாது. கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடி வைக்க வேண்டும். உணவுப் பொருளை உள்ளே வைத்தால் குரங்குகள் தேடி வரும். இவ்விதிகளை முதல் நாளே தெளிவாக விளக்கும் முகாம் நல்ல முகாம்.

இன்னும் சில கேள்விகள் உண்டு. மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து வருகிறதா? குப்பையைப் புதைக்கிறார்களா, திரும்ப எடுத்துச் செல்கிறார்களா? வழிகாட்டிகளும் பணியாளர்களும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர்களா? நில உரிமையாளருக்கு வாடகை முறையாகச் சேர்கிறதா? நேர்மையாக நடத்தப்படும் முகாம் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்லும்.

இக்கேள்விகளைக் கேட்பவர் ஓர் இரவுக்கான படுக்கையை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பயணங்கள் நின்றபோது, காப்பு நிலங்களின் வாடகை வருவாயும் குறைந்தது. வருவாய் நின்றால் நிலத்துக்கு வேலி வரும்; வேலி வந்தால் விலங்குகளின் வழி அடைபடும். அயல்நாட்டுப் பயணி ஒருவர் செலுத்தும் கட்டணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்து, நாளை அந்த நிலத்தில் வில்டபீஸ்ட் நடக்கலாம். அல்லது முள்வேலி நிற்கலாம்.