மோட்டார் பூட்டிய சைக்கிளுக்குக் கியர்

சைக்கிளின் சட்டத்துக்குள் பூட்டப்படும் சிறிய டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பெரும்பாலும் சீனாவில் செய்யப்பட்டது. சிலிண்டரின் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மி.மீ. கணக்குப் போட்டால் 66 சி.சி. வரும், விற்பவர்கள் அதையே 80 சி.சி. என்பார்கள். சாதாரணமாக இதன் இடப்பக்கத்துப் பத்துப் பல் சக்கரத்திலிருந்து ஒரு செயின் நேராகப் பின் சக்கரத்துக்கு ஓடும். அங்கே கம்பிகளில் ரப்பர் வளையம் வைத்து முடுக்கிய 44 பல் சக்கரம் அதை ஏற்றுக்கொள்ளும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் ஒன்றே.

சமதரையில் இது போதும். நெகிரி செம்பிலானில் கோலா சாவா, ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களின் பாதை அப்படிப்பட்டதல்ல. ரப்பர் காடு செம்பனையாக மாறினாலும் மேடும் பள்ளமும் மாறவில்லை. செம்மண் ஏற்றத்தில் இன்ஜின் சுழற்சி குறைந்து திணறும், ஓட்டுபவர் மிதித்து உதவ வேண்டியிருக்கும். இறக்கம் முடிந்து நேர்பாதை வந்தாலோ அதே இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்று அலறும். இந்தக் குறைக்கு மருந்துதான் ஷிஃப்டர் கிட்.

இது இன்ஜினின் பலத்தைப் பின் சக்கரத்துக்கு நேராக அனுப்பாமல், மிதியோடு சேர்ந்த செயின் வீலுக்குக் கொண்டுபோகிறது. இன்ஜினுக்குப் பின்னால், சீட் குழாயை ஒட்டி ஒரு குறுக்கு அச்சு. இன்ஜினின் செயின் அதன் இடப்பக்கப் பல் சக்கரத்தைச் சுழற்றும். வலப்பக்கத்துச் சிறு பல் சக்கரத்திலிருந்து இன்னொரு செயின் கீழே இறங்கிப் பெரிய செயின் வீலைச் சுழற்றும். அதோடு போல்ட் போட்டுச் சேர்த்த சிறிய செயின் வீல், வழக்கமான சைக்கிள் செயின் மூலம் பின் சக்கரத்தின் கியர்களை ஓட்டும். மனிதக் காலுக்கு இருந்த அத்தனை கியரும் இப்போது இன்ஜினுக்கும் கிடைக்கும்.

லாபம் எவ்வளவு? இன்ஜினுக்குள்ளேயே 4.1 மடங்கு வேகக் குறைப்பு உண்டு. குறுக்கு அச்சில் 10க்கு 17 பல், அடுத்ததில் 10க்கு 44 பல் என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது செயின் வீல் ஏறக்குறைய 163 சுற்றுச் சுற்றும். 36 பல் செயின் வீலிலிருந்து பின்னால் 28 பல் கியருக்குப் போனால், 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 26 கி.மீ. ஓடும். 14 பல் கியருக்கு மாற்றினால் 52 கி.மீ. கியர் இல்லாத பழைய முறையில் அதே 5,000 சுற்றுக்கு 34 கி.மீ. மட்டுமே. ஏற்றத்தில் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, நேர்பாதையில் இன்ஜினுக்கு ஓய்வும் கிடைக்கிறது. ஆனால் கம்பி பிரேக் வைத்த பழைய ராலி சைக்கிளில் 52 கி.மீ. வேகம் போவது தற்கொலைக்குச் சமம்; பிரேக்கை மாற்றாமல் கியரைப் பற்றி யோசிப்பதே வீண்.

சைக்கிளில் இன்ஜின் மாட்டும் யோசனை பழையது. ஹோண்டா 1952இல் கப் எஃப் என்ற சிறு இன்ஜினை, சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதியே விற்றது. 1958இல் அதே நிறுவனம் முழு வண்டியாகவே சூப்பர் கப்பைக் கொண்டுவந்தது. அதன் வழிவந்த கப்சாய் வண்டிகள் தோட்டத்து லயங்களின் வாசலில் வந்து நின்ற பிறகு, சைக்கிளில் இன்ஜின் மாட்டும் தேவையே குறைந்தது. இன்று இது பெரும்பாலும் கைவேலை ஆசைக்காரர்களின் சமாச்சாரம். மலேசியாவில் 2021 டிசம்பரில் வந்த விதிகள் மோபெட் வகைச் சிறு வண்டிகள் பொதுச் சாலையில் ஓடுவதைத் தடுக்கின்றன. ஆகவே, இது தோட்ட நிர்வாகம் அனுமதிக்கும் உள்பாதைக்கு உரிய வண்டி. சிரம்பான் சாலைக்கு உரியதல்ல.

கிட் பூட்டுவதில் பலர் கவனிக்காத இடம் பாட்டம் பிராக்கெட். மிதிகளின் அச்சும் அதைத் தாங்கும் கப்புகளும் பால்ஸும் சேர்ந்த இந்தப் பகுதியைச் சைக்கிள் கடையில் பி.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இன்ஜின் ஓடும்போது மிதியும் கூடவே சுழன்றால் கால் முறியும். அதனால் கிட்டில் செயின் வீல்கள் ஒரு பிரீவீலின் மேல் உட்காருகின்றன. கால் மிதித்தால் செயின் வீல் சுழலும். இன்ஜின் சுழற்றினால் மிதி அசையாமல் நிற்கும்.

சிக்கல் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஒரு செயின் மேலே குறுக்கு அச்சை நோக்கி இழுக்கிறது, இன்னொன்று பின்னால் இழுக்கிறது. இரண்டு இழுப்பும் பிரீவீல் வழியாக பி.பி. அச்சின் வலது நுனியில் வந்து விழுகின்றன. சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த நுனி வளையப் பார்க்கிறது. மனிதர் மிதிக்கும்போது அச்சு சுழல்வதால் பால்ஸ் இடம் மாறிக்கொண்டே போகும், சுமையும் சுற்றிலும் பரவும். இன்ஜின் ஓடும்போது அச்சு நிற்கிறது. பால்ஸ் அதே இடத்தில் நின்று, இன்ஜினின் அதிர்வில் கப்பின் பரப்பைத் தட்டிக்கொண்டே இருக்கும். நாளடைவில் ஒவ்வொரு பால்ஸின் அடியிலும் ஒரு குழி விழும். மிதியைக் கையால் சுற்றினால் கடகடவென்று தடங்கித் தடங்கி வருவது அதன் அறிகுறி. அப்போது கிரீஸ் வைத்துப் பயனில்லை, கப்பையும் அச்சையும் மாற்றத்தான் வேண்டும். அதனால், உதிரி பால்ஸ் போட்ட பழைய பி.பி.யைவிட, பெரிய பேரிங்கை உள்ளடக்கிய மூடிய வகையே இந்த வேலைக்கு மேல். ஓட்டும்போது இடையிடையே மிதியைக் கொஞ்சம் சுற்றிவிட்டாலும் பால்ஸ் இடம் மாறும்.

பழையதைக் கழற்றுமுன் சட்டம் எந்த அளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவான ஆங்கிலேய அளவில் குழாயின் அகலம் 68 மி.மீ., மரை 1.37 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24. தோட்டங்களில் தலைமுறைகளாக ஓடிய ராலி சைக்கிள்களுக்குத் தனி வழக்கு: விட்டம் ஏறக்குறைய அதேதான், ஆனால் மரை அங்குலத்துக்கு 26, குழாய் அகலம் 71 அல்லது 76 மி.மீ. 24 மரைக் கப்பை இதில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று நன்றாகவே ஏறும். பிறகு இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி முறுக்குபவர் சட்டத்தின் மரையையே அழித்துவிடுவார். கழற்றிய பழைய கப்பில் அரை அங்குலத்துக்குள் 12 மரை இருக்கிறதா 13 இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் சந்தேகம் தீரும். 26 மரையாக இருந்தால், பழைய கப்புகளை வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பொருந்தும் சதுர முனை அச்சைத் தேடலாம். அல்லது குழாயின் மரையைத் தொடாமல் இரு கப்பும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று முடுகும் வகையைப் போடலாம். சிறுவர்களின் பி.எம்.எக்ஸ். சட்டங்கள் பலவற்றில் மரையே இல்லாத, 51.3 மி.மீ. அகன்ற துளை இருக்கும். அதற்கு இடைவளையம் கிடைக்கிறது.

பழைய ராலியில் மிதியின் கைகளை, அதாவது கிராங்குகளை, காட்டர் பின் பிடித்திருக்கும். நட்டைத் தளர்த்திச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அடி முழுவதும் பால்ஸுக்குப் போகும். கிராங்கின் அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுத்த பிறகே அடிக்க வேண்டும். அடுத்து வலப்பக்கக் கப்: அங்கே இடமரை. மற்ற போல்ட்டைப் போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். பால்ஸ் உருளும்போது கப்பை அச்சு சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் மெல்ல நகர்த்தும். வலமரை இருந்திருந்தால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும்.

புதிய அச்சின் நீளம் அடுத்த கேள்வி. இரண்டு செயின் வீலும் பிரீவீலும் சேர்ந்த தடிமன் வலப்பக்கத்தில் இடம் கேட்கும். இன்ஜினின் மூடிகள் சட்டத்தைவிட அகலமாக இருப்பதால், மிதியின் கை அவற்றில் இடிக்கக் கூடாது. கிட்டோடு வரும் அளவை அப்படியே நம்பாமல், இன்ஜினையும் குறுக்கு அச்சையும் தற்காலிகமாக மாட்டி அளந்துவிட்டு அச்சு வாங்குவதே கெட்டிக்காரத்தனம்.

மரைகளில் கிரீஸ் தடவி, கப்பைக் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுக்க வேண்டும். சதுர முனையில் கிராங்கைப் பூட்டும் போல்ட்டுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். பிறகு குறுக்கு அச்சு. இதன் பல் சக்கரமும் கீழே உள்ள பெரிய செயின் வீலும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நேரான இரும்புப் பட்டையை இரண்டின் மேலும் சாய்த்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். செயின் சற்றே தொய்வாக, விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசையும்படி இருந்தால் சரி. விறைப்பாக இழுத்துக் கட்டினால் பி.பி. அச்சுக்கும் பிரீவீலுக்கும் கூடுதல் சுமைதான்.

ஓட்டும்போது கியர் மாற்றுமுன் கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட வேண்டும். இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது மாற்றினால் மெல்லிய சைக்கிள் செயின் முறியும். முதல் சில கிலோமீட்டர் ஓடியதும் கிராங்க் போல்ட்டை மறுபடியும் முடுக்கிப் பார்ப்பது கட்டாயம். தளர்ந்த கிராங்கோடு ஓட்டினால் அதன் சதுரத் துளை உருண்டுவிடும். அப்படி உருண்ட கிராங்கை எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. புதியது வாங்க வேண்டியதுதான்.